குற்றவாளிக் கூண்டிற் சுவர்கள்

குற்றத்தைக் கட்டட வடிவமைப்பினாற் களையலாமென்போர், ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்துப் புரூயிற்-ஐகோவையே பெருஞ் சான்றாகக் காட்டுவர். மினோரு யமசாக்கி வடிவமைத்த, பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்களாலான அத்தொடர்மாடிக் குடியிருப்பு 1950களின் நடுப்பகுதியில் எழுந்தது. 1972இல் வெடிவைத்துத் தகர்க்கப்படத் தொடங்கியது. எவருக்கும் உரித்தாகாத நடைகூடங்களும் மறைவான படிக்கட்டுகளுமே அங்கு குற்றத்துக்கு இடமளித்தன என அவ்வாண்டில் வெளிவந்த தமது நூலில் ஒஸ்கார் நியூமன் வாதிட்டார்.

இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மூன்று மாடிகளுக்கொருமுறை மட்டும் நின்ற மின்னுயர்த்திகள் மக்களைப் படிக்கட்டுகளுக்குத் துரத்தின. ஆயின், அப்படிக்கட்டில் அணைந்த விளக்கு மாற்றப்படாமைக்கு எந்த வரைபடம் பொறுப்பு? கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றது. பராமரிப்பையோ குடியிருப்போரின் வாடகையே தாங்கவேண்டியிருந்தது. 1950இல் 856,796 ஆக இருந்த நகரின் குடித்தொகை 1970இல் 622,236 ஆகச் சுருங்கிற்று. வசதிபடைத்தோரும் தொழில்களும் புறநகர்க்குப் பெயர, வீடுகள் வெறுமையாயின, வருவாய் வீழ்ந்தது, பழுதுகள் பெருகின. அச்சுமை எஞ்சிய வறியோர் தலையிலேயே ஏற்றப்பட்டது. 1969இல் அந்நகரின் பொதுக் குடியிருப்பாளர் வாடகை மறுப்புப் போராட்டத்தில் இறங்கியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சாளரங்கள் தெருவை நோக்கட்டும். முற்றங்கள் அயலவர்க்கு உரியனவாகட்டும். அவை நல்லனவே. எனினும், சுவரைத் தண்டித்துவிட்டு, அச்சுவரைச் சிதையவிட்டோரை விடுதலை செய்யும் கோட்பாடு, அறிவியலின் பெயரால் வறியோர்க்கு இழைக்கப்படும் இன்னோர் அநீதியேயாகும்.