'வோக்'னு திட்டுறது சரி... அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

படத்தில் நாயகி சமைக்க மறுத்தால் அது 'வோக் படம்'. சாதி, நிறம் பற்றி யாராவது பேசினால் அவர் 'வோக் பார்ட்டி'. சமூக வலைதளங்களில் இன்று இது கிட்டத்தட்ட ஒரு வசவு. ஆனால், தொடக்கத்தில் அது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன எச்சரிக்கை.

எங்கே தொடங்கியது?

தூக்கத்திலிருந்து விழிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான் 'வோக்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் 'ஸ்டே வோக்' என்றால், 'உஷாரா இரு' என்று அர்த்தம்.

1931-ல் அலபாமா மாகாணத்தில், ரயிலில் சென்ற கறுப்பினச் சிறுவர்கள், இளைஞர்கள் 9 பேர் மீது பொய்யான பாலியல் வன்கொடுமைப் புகார் சுமத்தப்பட்டது. அவர்களில் 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீண்ட சட்டப் போராட்டத்தால் தண்டனை நிறைவேறவில்லை. ஆனாலும், பலரின் இளமை சிறையிலேயே கழிந்தது. இந்த வழக்கைப் பற்றிப் பாடிய லெட் பெல்லி, 1938 பதிவில், அந்தப் பக்கம் போகும் கறுப்பின மக்கள் 'வோக்'காக இருக்க வேண்டும் என்று எச்சரித்தார்.

எப்படித் திசை மாறியது?

1962-ல் எழுத்தாளர் வில்லியம் மெல்வின் கெல்லி, 'நியூயார்க் டைம்ஸ்' கட்டுரைத் தலைப்பிலேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கறுப்பின மக்களின் சொற்களை வெள்ளையினத்தவர் எடுத்துக்கொள்வதுதான் அந்தக் கட்டுரையின் பொருள். பின்னாளில் 'வோக்'குக்கும் அதுவேதான் நடந்தது!

2014-ல் ஃபெர்குசன் நகரில் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுன் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டதும், 'ஸ்டே வோக்' ஹேஷ்டேக்காகப் பரவியது. 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தப் பொருளைச் சேர்த்தது. 2022-ல் ஃபுளோரிடா மாகாணம், இனப் பாகுபாடு பற்றிப் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தி ஒரு சட்டம் போட்டது. அது பரவலாக அறியப்பட்ட பெயரே 'ஸ்டாப் வோக்'. எச்சரிக்கை, எட்டே ஆண்டுகளில் எதிரியாகிவிட்டது.

அப்போ விமர்சிக்கவே கூடாதா?

தாராளமாக விமர்சிக்கலாம். சமத்துவம் பேசிப் பொருள் விற்கும் விளம்பரத்தையும், பாடம் நடத்தும் படத்தையும் கிண்டல் செய்வதில் தவறில்லை. ஆனால், 'கதை சரியில்லை', 'இது வெறும் விளம்பரம்' என்று காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணமே சொல்லாமல் 'வோக்' என்று முத்திரை குத்துவது, பேச்சை அங்கேயே முடித்துவைக்கும் தந்திரம். அதில் மோசமான படமும் அடிபடுகிறது. நியாயமான புகாரும் அடிபடுகிறது.

அடுத்த முறை யாராவது 'வோக்' என்று திட்டினால், 'இதுல எது தப்புனு சொல்றீங்க?' என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் இருந்தால் விவாதிக்கலாம். பதிலே இல்லையென்றால், அவருக்குப் பிரச்னை படமா, பாதிக்கப்பட்டவர் பேசுவதா என்பது தெரிந்துவிடும்.