ஊரறிந்த பேரேடும் ஒளிந்திருக்கும் கணக்கும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

கல்லில் வெட்டிய செய்தி ஊருக்கெல்லாம் பொது. ஒன்பதாம் நூற்றாண்டில் நம் தெள்ளாற்றுப் போரில் வென்ற பல்லவனைத் "தெள்ளாறெறிந்த நந்திவர்மன்" என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. எவரும் சென்று படிக்கலாம். ஆனால் வெட்டாமல் விட்டது எவ்வளவு என்பதைக் கல் சொல்லாது. வரலாற்று மாணவர்கள் நன்கறிந்த இந்த எச்சரிக்கை, கிரிப்டோ நாணயச் சந்தையை ஆராயப் புகும் நமக்கும் தேவை என்பதே என் கருத்து.

பிட்காயின் என்னும் நாணயத்தின் பேரேடு 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் அதில் சேருகிறது. ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தோடு பிணைக்கப்படுவதால் அதற்குப் பிளாக்செயின் என்று பெயர். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எப்பொழுது, எவ்வளவு சென்றது என்பதை உலகில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். எந்த வங்கியாவது தன் பேரேட்டை நமக்கு இப்படித் திறந்து காட்டுமா? ஏழை மாணவனுக்கும் பெருமுதலாளிக்கும் ஒரே புள்ளிவிவரம் கிடைப்பது பொருளியலுக்கு ஒரு நல்வாய்ப்பு என்றால் மிகையாகாது.

இதைப் படிக்கும் முறையும் வளர்ந்துள்ளது. ஒரு புடவைக்கு மூன்று பைகளிலிருந்து பணம் எடுத்து ஒரே நேரத்தில் விலை கொடுத்தால், மூன்று பைகளும் ஒருவருடையவை என்று கருதலாம் அல்லவா? அதே முறையில், ஒரே பரிமாற்றத்தில் சேர்ந்து பணம் செலுத்தும் முகவரிகளை ஒருவருடையவை எனத் தொகுத்து, 2013 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெரிய நிறுவனங்களின் முகவரிகளை அடையாளம் கண்டனர். இன்று, பரிமாற்றகங்களுக்குள் நாணயம் பெருமளவில் நுழைந்தால் விற்பனை வரும், விலை இறங்கும் என்று கணிக்கிறார்கள்.

இங்கேதான் நான் மறுக்கிறேன். முகவரி வேறு, மனிதர் வேறு. ஒருவருக்கே ஆயிரம் முகவரிகள் இருக்கலாம்; பரிமாற்றகத்தின் ஒரே முகவரியில் இலட்சம் பேரின் நாணயம் கிடக்கலாம். ஒரு நிறுவனம் தன் ஒரு பெட்டகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினாலும் பேரேட்டில் அது பெரிய நகர்வாகவே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பரிமாற்றகத்துக்குள் நாள்தோறும் நடக்கும் வாங்கல் விற்றல் பொதுப் பேரேட்டில் ஏறுவதே இல்லை. அது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கில்தான் இருக்கிறது. விலை பிறக்கும் இடமோ பெரும்பாலும் அதுவே.

2013 இறுதியில் இரண்டே மாதங்களில் பிட்காயின் விலை சுமார் 150 டாலரிலிருந்து 1,000 டாலருக்கு மேல் ஏறியது. தோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகத்தில் நடந்த சந்தேகத்துக்குரிய வணிகமே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2018 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வாளர்களுக்கு உதவியது பொதுப் பேரேடு அன்று. அந்நிறுவனம் 2014 இல் வீழ்ந்தபின் வெளியே கசிந்த உள்கணக்கு!

நம் நாட்டுச் செய்தியையும் பாருங்கள். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. திருடிய பணம் முகவரி முகவரியாக நகர்வதை உலகமே பேரேட்டில் பார்த்தது. பார்த்தும் தடுக்க இயலவில்லை. திருட்டில் போகாத வேறு வகை நாணயம் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிப்டோ நாணயமும் ஒரு சொத்தே என்று 2025 அக்டோபரில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தார். நண்பர்களே, சிந்தியுங்கள்: பரிமாற்றகத்தில் நாணயத்தை விட்டுவைப்பவரின் பெயர் பொதுப் பேரேட்டில் இல்லை. அவரைக் காக்க வேண்டியிருந்தது சட்டமே.

ஆகவே பேரேட்டைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. முறையாகப் படிக்கச் சொல்கிறேன். பொருளியல், புள்ளியியல், கணினி அறிவியல் மாணவர்கள் ஒன்றுகூடி ஓராண்டுப் பேரேட்டை எடுக்கட்டும். "பரிமாற்றகத்துக்குள் வரத்து கூடினால் விலை இறங்கும்" என்ற கூற்றை நாள்வாரியாக விலையோடு ஒப்பிட்டுச் சோதிக்கட்டும். பலித்த நாள்களோடு பலிக்காத நாள்களையும் எண்ணட்டும். பேராசிரியர்கள் இதை இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஏற்க வேண்டுகிறேன்.

ஏனெனில் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. "பெரிய கைகள் வாங்குகின்றன, நீயும் வாங்கு" என்று கைப்பேசியில் வரும் வரைபடத்தை நம்பி, தறியில் அமர்ந்து பெற்றோர் ஈட்டிய கூலியைப் போடத் துணியும் இளைஞர்கள் நம் ஆரணிப் பக்கத்து ஊர்களிலும் இருக்கலாம். ஆதாயம் வந்தால் 30 சதவீதம் வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் சட்டம் இடம் தராது. அந்த வரைபடத்தை நீட்டுபவரிடம், "இது எந்தக் கணக்கிலிருந்து எடுத்தது? இதில் ஏறாத கணக்கு எங்கே?" என்று கேட்கும் துணிவையாவது கல்லூரிப் படிப்பு நமக்குத் தர வேண்டும்.