வலியை மறைப்பது வீரமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஓட்டக்காரிக்கு அவளுடைய உடலே சுவர். அச்சுவரில் விரிசல் கண்டால், அதன்மேல் வெள்ளையடித்து மறைப்பவரை அறிவுடையவர் என்போமா? ஆயினும் நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயிற்சி பெறும் மாணவியர் பலர், காலில் ஏற்படும் வலியை வெளியே சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதே வீரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது சரிதானா என்று சற்றுச் சிந்திப்போம்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. அப்பாரத்தைத் தாங்கும் வலிமையை எலும்பும் தசையும் பெறுவது ஓடும் நேரத்தில் அன்று. ஓடியபின் கிடைக்கும் ஓய்வில்தான். விளையாட்டு விழா நெருங்குகிறது என்று, இரண்டு கிலோமீட்டர் ஓடிவந்தவள் மறுவாரமே ஆறு கிலோமீட்டர் ஓடினால் உடல் ஈடுகொடுக்குமா? முதலில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் ஓரமாக வலிக்கத் தொடங்கும். அப்போதே ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும். மறைத்து ஓடினாலோ, எலும்பில் மயிரிழைபோல் விரிசல் விழக்கூடும். அது ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் பிடிக்கும். சில நாட்களை மிச்சப்படுத்தப் போய் ஒரு பருவத்தையே இழப்பது இப்படித்தான்.

இது தெரிந்திருந்தும் நம் தோழியர் ஏன் மறைக்கிறார்கள்? காரணம் காலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. "கால் வலிக்கிறது அம்மா" என்று சொன்னால், "டாக்டரிடம் காட்டுவோம்" என்ற பதிலுக்கு முன்பே, "ஓட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்ற பதில் வந்துவிடுகிறது. தம்பி பந்தாடிக் கையை முறித்துக்கொண்டு வந்தால் மாவுக்கட்டுப் போட்டு, ஆறியதும் மீண்டும் மைதானத்துக்கு அனுப்புகிறார்கள். அக்காளுக்குக் கால் சுளுக்கினாலோ, அத்துடன் அவள் விளையாட்டே முடிந்துவிடுகிறது. வலியைச் சொன்னால் ஓட்டமே போய்விடும் என்று அஞ்சுகிறவள் எப்படி வாய் திறப்பாள்?

இவ்வச்சம் நம் ஊரில் மட்டும் பிறந்ததன்று. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனி நாட்டு லீனா ரட்கே உலகச் சாதனையுடன் வென்றார். ஓடி முடித்த சிலர் களைப்பால் தரையில் சாய்ந்தனர். ஓட்டத்தின் முடிவில் ஆண்களும் சாய்வதுண்டு. ஆனால் பெண்கள் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. விளைவு, அவ்வோட்டமே பெண்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. 1960இல் ரோம் நகரில் அது திரும்பி வரும்வரை 32 ஆண்டுகள் கழிந்தன. 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரமுள்ள மராத்தான் ஓட்டமோ, பெண்களுக்கு 1984இல்தான் கிட்டியது.

அந்த முதல் மராத்தானில் வென்றவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். பள்ளிப் பருவத்தில் பனிச்சறுக்கு விளையாடிக் காலை முறித்துக்கொண்டவர். கால் தேறுவதற்காக ஓடத் தொடங்கியவர். 1984 மார்ச்சில் பயிற்சியின்போது அவருடைய வலது முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. ஏப்ரல் 25ஆம் தேதி அறுவைச் சிகிச்சை. மே 12ஆம் தேதி தகுதிப் போட்டி. இடையே 17 நாட்களே! தகுதிப் போட்டியில் முதலாவதாக வந்தார். ஆகஸ்டு 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார்.

வலியைப் பொறுத்தார், வென்றார் என்றே இக்கதையைச் சொல்வது வழக்கம். நாம் காண்பது வேறு. அவர் முழங்காலின் நிலையை மறைக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டினார். அவரைச் சுற்றியிருந்தவர்கள், "இனி ஓடாதே" என்று சொல்லவில்லை, "மீண்டும் ஓட என்ன வழி?" என்று தேடினார்கள். ஆனால் அந்த 17 நாள் கணக்கு நமக்கு அளவுகோல் ஆகாது. பல ஆண்டுப் பயிற்சியில் உரமேறிய உடலும், சிறந்த மருத்துவ உதவியும் அவருக்கு இருந்தன.

மன உறுதி எலும்பை ஒட்டவைத்துவிடாது. அன்றைய உலகச் சாதனையாளரான இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப், தொடையெலும்பில் விரிசல் கண்ட சில மாதங்களிலேயே 2008 ஆகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக்கில் ஓடி, 23ஆவதாகவே வரமுடிந்தது. அதே ஆண்டு நவம்பரில், உடல் தேறியபின், நியூயார்க் மராத்தானில் வெற்றி பெற்றார். இடையில் மாறியது மனம் அன்று, கால்.

காத்திருக்கும் காலம் வீண் காலமும் அன்று. 1521இல் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுக்கையில் கிடந்த மாதங்களில்தான், புனித இஞ்ஞாசியார் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்துப் புதுவாழ்வு கண்டார். ஓட முடியாதவள் மருத்துவர் அனுமதித்தால் நீந்தலாம். கை, வயிற்றுத் தசைகளை வலுப்படுத்தலாம். தோழியர் ஓடும்போது நேரம் குறித்துக் கொடுக்கலாம்.

தோழியரே! விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில் எலும்பு வலித்தாலும், நடக்கும்போது நொண்டினாலும், இரவில் வலி எழுப்பினாலும் அன்றே சொல்லிவிடுங்கள். வீங்கிய காலை எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழிக்கக் கொடுக்காதீர்கள்; உள்ளே முறிவு இருந்தால் அது மேலும் கெடும். காலை உணவை விட்டுவிட்டு ஓடாதீர்கள். போதிய உணவின்றி ஓடுபவளுக்கு மாதவிடாய் நின்றுபோவதுண்டு. எலும்பும் பலம் குன்றும். இதையும் கூச்சமின்றி அன்னையிடம் சொல்ல வேண்டும்.

மதிப்பிற்குரிய பெற்றோரே! மாணவியராகிய நாங்கள் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. உங்கள் மகள் வலி என்று வரும்போது, "ஓட்டத்தை விட்டுவிடு" என்று சொல்லாதீர்கள். "ஆறட்டும், பிறகு ஓடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் போதும், அடுத்த முறை அவள் எதையும் மறைக்கமாட்டாள். ஓட்டத்தில் மட்டுமன்று, வாழ்விலும் தன் துன்பத்தை உங்களிடம் சொல்லத் துணிவாள். எங்களை வழிநடத்தும் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும், விழா நாளுக்காகக் காயம்பட்ட காலை அவசரப்படுத்தாமல் இருப்பார்களென்று நம்புகிறோம்.

கிறிஸ்தவ வாழ்வைப் பந்தய ஓட்டத்திற்கு ஒப்பிட்டவர் புனித சின்னப்பர். நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கற்பித்தவரும் அவரே. ஆலயத்தை இடித்துவிட்டு ஓடும் ஓட்டத்தில் பெருமை இல்லை. வலியைச் சொல்வதற்கும் துணிவு வேண்டும். பொறுமையாய்த் திரும்பி வருவதற்கு அதைவிடத் துணிவு வேண்டும். அத்துணிவைப் பெறுவோம், தோழியரே, நெடுந்தூரம் ஓடுவோம்!