மோட்டார் மீது பழி

பழைய ஃபிளிப் கடிகாரம் மக்கர் செய்தால் தில்லிக் கடைகளில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மோட்டார் போய்விட்டது, புதிதாக வேறு வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பு சில சமயம் சரி. பல சமயம் தவறு. குற்றவாளி மோட்டாராக இல்லாமல், அதை ஓட்டும் மின்சாரமாகவே இருக்கக்கூடும்.

எண் எழுதிய தகடுகள் நிமிடத்துக்கு ஒன்றாக 'டப்' என்று புரண்டு விழும் இந்தக் கடிகாரத்துக்கு இத்தாலியில் கௌரவமான பூர்வீகம் உண்டு. உதினே நகரத்து சொலாரி நிறுவனத்தின் 'சிஃப்ரா 5' 1956ல் அந்நாட்டின் 'கொம்பாசோ தோரோ' வடிவமைப்பு விருதைப் பெற்றது. பிறகு ஜப்பானியர்கள் அதை ரேடியோவுடன் சேர்த்து உலகமெங்கும் கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினரின் பெட்டி வழியே அது இந்திய வீடுகளுக்கும் வந்தது.

இந்தக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றில் ஊசலும் இல்லை, குவார்ட்ஸ் படிகமும் இல்லை. இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார் மட்டுமே. சுவரில் வரும் மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறதோ, அந்தத் தாளத்துக்கு அது சுழலும். இந்தியாவில் அந்தத் தாளம் 50 ஹெர்ட்ஸ். நாட்டின் அதிகாரபூர்வ நேரத்தைக் காப்பது, தமிழரான கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக்கடிகாரங்கள். ஃபிளிப் கடிகாரமோ மின்நிலையம் சொல்லும் நேரத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பது.

1990களில் மின்நிலையம் சொன்ன நேரம் நம்பும்படியாக இல்லை. தேவை மிஞ்சிய மாலை வேளைகளில் அலைவெண் 48.5க்கும் கீழே இறங்கும். தேவை குறைந்த நள்ளிரவில் 50ஐத் தாண்டி ஏறும். நாள் முழுவதும் 48.5லேயே ஓடினால் கடிகாரம் 43 நிமிடம் பின்தங்கும். மின்வெட்டு வேறு, மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பார்த்தவர்கள் மோட்டாரைத் திட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பரணில் போட்டார்கள்.

அலைவெண் தாழ்ந்திருக்கும்போது ஒதுக்கீட்டை மீறி மின்சாரம் எடுத்தால் கூடுதல் விலை என்ற கட்டண முறை, வட பிராந்தியத்தில் 2002 டிசம்பரில் வந்தது; அடுத்த மாதமே தெற்கிலும் வந்தது. மாநில மின்வாரியங்களுக்குப் புத்திமதி சொல்லி நடக்காதது பில் மூலம் நடந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதை தென் பிராந்தியத்தை மற்றவற்றோடு இணைத்தது. அன்று முதல் மயிலாப்பூர் கடிகாரமும் கரோல் பாக் கடிகாரமும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. 2014ல் அலைவெண்ணுக்கு வகுத்த எல்லை 49.90 முதல் 50.05 வரை. கீழ் எல்லையிலேயே ஒரு நாள் முழுக்க நின்றாலும் இழப்பு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பரணில் கிடப்பது, குற்றம் செய்யாமலே தண்டனை அனுபவிக்கும் கடிகாரமாக இருக்கலாம்.

அதை இறக்கியதும் பார்க்க வேண்டியது பின்புறத் தகடு. 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கோ சவூதிக்கோ பிறந்தது. தில்லியில் அது மணிக்குப் பத்து நிமிடம், நாளுக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். டிரான்ஸ்பார்மர் வாங்கி வைப்பவர்கள் உண்டு. அது வோல்டேஜைக் குறைக்குமே தவிர அலைவெண்ணைத் தொடாது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் 50, மேற்கில் 60 என்பதால், அந்நாட்டுக் கடிகாரங்கள் சிலவற்றில் 50/60 விசை இருக்கும். அதைத் தள்ளினால் போதும். ஆனால் 100 அல்லது 110 வோல்ட் கடிகாரத்தை 230ல் நேரடியாகச் செருகினால் காயில் கருகிவிடும். அப்போது மோட்டார் உண்மையிலேயே போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் காதை வைத்துக் கேட்க வேண்டும். மெல்லிய ரீங்காரம் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. பல்சக்கரங்களில் பல ஆண்டு எண்ணெய் பிசினாக இறுகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி, பழைய பிசினைத் துடைத்து, கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். சமையல் எண்ணெய் வேண்டாம்; அதுவே நாளைக்குப் பிசினாகும். சத்தமே இல்லையென்றால் மல்டிமீட்டரால் சோதிக்கலாம். காயில் அறுந்திருந்தால் மட்டுமே மாற்றும் பேச்சு.

மாற்றுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. தில்லி ஏர்கூலரின் தடுப்புகளை அசைப்பதும் சிறிய சிங்க்ரனஸ் மோட்டார்தான். மலிவாகக் கிடைக்கும், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் இந்த ரக மோட்டார்கள் பல, எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் சுழலத் தொடங்கும். கூலருக்கு அது பரவாயில்லை. காலம் பின்னோக்கிப் போகக் கூடாது. வோல்டேஜ், அலைவெண், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்தத் திசை என்ற நான்கும் பொருந்த வேண்டும். அதற்குச் சுலபமான வழி, தகடு உடைந்த அதே ரகக் கடிகாரம் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடிப்பது.

மோட்டாரை மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் தகட்டைப் படிக்க வேண்டும், ரீங்காரத்தைக் கேட்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.