கப்பிப் பாதையும் காலி வீடுகளும்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மத்தியில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்ட சொல் ‘கிராவல்’. நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாசனை. கிராவல் மண் என்றால் குவாரி, லாரி, ராத்திரியில் அள்ளுவது, தாசில்தார். ஐரோப்பாவில் அது ஒரு சைக்கிள் வகை. பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி, ஆனால் நாற்பது மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடித்த டயர். தார் முடிகிற இடத்தில் நிற்காமல் கப்பி ரோட்டிலும் போய்க்கொண்டே இருக்கலாம். 2022-ல் இதற்கென்று தனியாக உலக சாம்பியன்ஷிப்பே தொடங்கிவிட்டார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நன்றாகவே ஓட்டுவேன்.

என் சண்டை சைக்கிளோடு இல்லை, அதைச் சுற்றி எழுதப்படும் வர்ணனைகளோடு. மத்தியதரைக்கடல் ஓரத்து மலைகளில் எந்தப் பாதையைப் பற்றி வாசித்தாலும் சரி, ‘மனிதக் காலடி படாத’, ‘யாருமறியாத’, ‘நீங்களும் மௌனமும் மட்டும்’ என்ற மூன்றில் ஒன்று வந்துவிடுகிறது. கூடவே ஒரு புகைப்படம்: வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாறை, பைன் மரம், இடிந்த கல்வீடு, அதன் சுவரில் சாத்தி வைத்த சைக்கிள். அந்தச் சுவரைப் பார்த்தபிறகும் ‘காலடி படாத’ என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வருகிறது என்பதுதான் என் கேள்வி. வீடு தானாக முளைத்ததா?

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரு மலையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயினின் கிழக்கே, கட்டலோனியா, அரகோன், வலென்சியா மூன்றும் சந்திக்கிற இடத்தில் எல்ஸ் போர்ட்ஸ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. உச்சியான மோன்ட் காரோ 1,400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து பார்த்தால் எப்ரோ நதியின் கழிமுகமும் கடலும் தெரியும். கட்டலோனியப் பகுதி 2001-ல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை விளிம்பில் ஐபீரிய மலையாடு நிற்கும், தலைக்கு மேலே பிணந்தின்னிக் கழுகு சுற்றும். கிராவல்காரனுக்குச் சொர்க்கம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சொர்க்கத்துக்குப் போகிற வழிகள் யார் போட்டவை? கரி மூட்டம் போட்டவர்கள், சுண்ணாம்புக் காளவாய் வைத்தவர்கள், பைன் கட்டையை அடுப்பில் வாட்டிக் கீல் இறக்கியவர்கள், மரம் வெட்டியவர்கள், ஆடு ஓட்டியவர்கள். கீல் அடுப்புகளின் கல் மேடுகள் இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன. மரக்கப்பலின் இடுக்குகளை அடைக்கக் கீல் வேண்டும், அதனால் கோவேறு கழுதை போக வழி வேண்டும். இன்று நாம் மூச்சு வாங்கிக்கொண்டு ‘அருமையான சரிவு, ஒன்பது சதவீதம்’ என்று குறித்துவைக்கிற ஏற்றம், சுமை ஏற்றிய கழுதையால் எவ்வளவு ஏற முடியும் என்ற கணக்கில் வெட்டப்பட்டதாக இருக்கலாம். சரிவுகளில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அடுக்கிய கல்வரப்புகள் படிபடியாக நிற்கின்றன. இந்தக் கல்லடுக்கும் கலையை 2018-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அப்போது ஸ்பெயினோடு சேர்த்து எட்டு நாடுகளுக்குப் பொதுவான கௌரவமாக இருந்தது அது. பைன் மூடிய வரப்புகளைக் காடு என்று நினைத்துக்கொண்டு நாம் கடந்துபோகிறோம்.

பிக்காஸோ கதையும் இங்கே உண்டு. 1898-ல், பதினாறு பதினேழு வயதில், உடம்பு சரியில்லாமல் தேறிவந்த காலத்தில், நண்பன் மனுவேல் பல்யாரெஸின் ஊரான ஓர்த்தா தெ சான் ஜோவானுக்கு வந்தார். இருவரும் மலையில் ஒரு குகையில் சில வாரம் தங்கிப் படம் வரைந்தார்கள். மேதையும் வனாந்தரமும் என்று இதை உருகி உருகிச் சொல்வார்கள். பல்யாரெஸ் வீட்டிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்ததை மட்டும் மெல்லிய குரலில் சொல்வார்கள். அந்தச் சாப்பாடும் ஒரு பாதையில்தான் வந்தது.

இப்போது அந்த இடிந்த வீட்டுக்கு வருகிறேன். மாஸ் என்று அதற்குப் பெயர். ஊரிலிருந்து தள்ளி, தன் வயல், தன் கிணறு, தன் ஆட்டுப்பட்டியோடு நிற்கும் மலைப் பண்ணைவீடு. ஏன் காலியானது? நகரத்தில் ஆலை வந்தது, டிராக்டர் ஏறாத வரப்பில் விவசாயம் கட்டவில்லை, பிள்ளைகள் பார்சிலோனாவுக்குப் போனார்கள். இது பாதிக் கதை. மீதி இது: உள்நாட்டுப் போர் 1939-ல் முடிந்த பிறகும் பிராங்கோவுக்கு எதிரான கெரில்லாக்கள் இந்த மலைகளில் வருடக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். மக்கீ என்பார்கள். பண்ணைவீடுகளில்தான் அவர்களுக்கு ரொட்டி கிடைத்தது, பிரியமாகவோ பயத்தினாலோ. 1947-ல் தெருவேல் மாகாண ஆளுநராக வந்த ஜெனரல் பிஸார்ரோ, பண்ணைவீடுகளில் யாரும் இரவு தங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பொழுது சாய்ந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு இறங்க வேண்டும், சாவியைக் காவல்படையிடம் கொடுக்க வேண்டும். காலையில் சாவி வாங்கி, மலையேறி, பால் கறந்து, மறுபடியும் இறங்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒரு குடும்பம் இப்படிப் பிழைக்கும்? பூட்டியவர்களில் பலர் திரும்பித் திறக்கவே இல்லை.

நாம் சைக்கிளைச் சாத்திப் படம் எடுக்கிற மௌனத்தில் ஒரு பங்கு இந்த உத்தரவின் மௌனம். அதற்கு ‘தீண்டப்படாத இயற்கை’ என்று பெயர் வைப்பது அறியாமை என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. காலி செய்தவனின் வேலையை அது கூசாமல் முடித்துவைக்கிறது.

இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஓட்டுகிற பசுமைவழியும் இப்படித்தான். வால் தெ ஸஃபான் ரயில்தடம். அரகோனிலிருந்து கடற்கரையின் சான் கார்லெஸ் வரை ரயில் விடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கனவு. காசு இல்லாமல் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் வேலை மும்முரமானபோது மலையைக் குடைந்தவர்களில் தோற்ற குடியரசுப் படையின் கைதிகளும் இருந்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் தண்டவாளம் தொர்தோசாவை எட்டியது. கடலை எட்டவே இல்லை. 1973-ல் ஒரு சுரங்கப்பாதை இடிந்ததும் அதையே சாக்காக வைத்து ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு இன்று அதில் சைக்கிள் விடுகிறோம். ஸ்பெயினில் 1993 முதல் பழைய ரயில்தடங்களைப் பசுமைவழிகளாக மாற்றுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நான் பார்த்த பாதைக் குறிப்புகளில் சுரங்கங்களின் நீளம் இருக்கிறது, விளக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறது, சரிவு லேசானதால் குழந்தைகளுக்கும் ஏற்றது என்று இருக்கிறது. குடைந்தவன் மட்டும் இல்லை.

“ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஓட்டப் போறவனுக்கு எதுக்குய்யா சரித்திரப் பாடம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லா மலையிலும் அஞ்சலி செலுத்திக்கொண்டே ஓட்ட முடியாது. ஆனால் இது பழைய கதையோடு முடிகிற விஷயம் இல்லை. ஆளில்லாத மலை என்று நம்பி வருகிறவனுக்கு, இன்றைக்கு அங்கே இருக்கிற ஆள் இடைஞ்சலாகத் தெரிகிறான். மேய்ப்பன் போட்ட கேட், அவன் ஆட்டைக் காக்கிற நாய், வழியை மறிக்கிற கிடை, இதெல்லாம் விமர்சனத்தில் நட்சத்திரம் குறைக்கிற காரணங்கள் ஆகின்றன. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆடு சிதறினால் அவன் பிழைப்பு போச்சு.

தீயையும் சேர்த்துப் பாருங்கள். பண்ணைகள் காலியானபின் வரப்புகளில் பைன் ஏறியது. ஆடு மேயாததால் அடியில் புதர் மண்டியது. கோடையில் அந்த மலை முழுக்க விறகு. 2009 ஜூலையில் ஓர்த்தா தெ சான் ஜோவானில் பிடித்த தீயில் ஐந்து தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நாம் கொண்டாடுகிற அகலமான கப்பிப் பாதைகளில் பல இன்று செப்பனிடப்படுவதே தீயணைப்பு வண்டி போவதற்காகத்தான். அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில், ஆல்ஃபா திட்டம் என்ற ஏற்பாட்டின்படி, கட்டலோனிய அரசு மலைகளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. கூட ஓட்டுகிற தமிழ் நண்பர் ஒருவர் இதற்குக் கொதித்தார். “சைக்கிள்ல என்ன பெட்ரோலா ஊத்துறோம்?” நீங்கள் தீ வைப்பீர்கள் என்ற பயம் மட்டும் இல்லை நண்பரே. தீ வந்தால் முதலில் உங்களைத் தேடி வெளியே கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் தீ ஒரு மலையைத் தாண்டிவிடும்.

இதே கட்டலோனியாவில் ‘ரமாட்ஸ் தெ ஃபோக்’, அதாவது தீ மந்தைகள், என்று ஒரு முயற்சி நடக்கிறது. தீ பரவக்கூடிய முக்கியமான இடங்களில் ஆடுகளை மேயவிட்டுப் புதரைக் குறைக்கிறார்கள், அந்த மந்தையின் இறைச்சியைத் தனி முத்திரையோடு விற்கிறார்கள். அதாவது மலைக்கு ஆள் வேண்டும், ஆடு வேண்டும் என்று தீயணைப்பவர்கள் சொல்கிறார்கள். ஆளே இல்லாததுதான் அழகு என்று நாம் விளம்பரம் எழுதுகிறோம்.

சுற்றுலாவால்தானே இந்த ஊர்கள் பிழைக்கின்றன என்று அடுத்த பதில் வரும். சில பிழைக்கின்றன, உண்மை. ஆனால் கிராவல் பாதைகளை வரைகிறவர்களின் பெருமையே ஊரைத் தொடாமல் வரைவதில்தான் இருக்கிறது. எண்பது கிலோமீட்டரில் ஒரு தெருகூட வராது. பார்சிலோனாவிலிருந்து காரில் வந்து, பாதை தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, நகரத்தில் வாங்கிய சத்துப்பசையைச் சப்பிக்கொண்டே சுற்றி முடித்து, இருட்டுவதற்குள் காரில் திரும்பிவிடலாம். அர்னெஸ் ஊரின் ரொட்டிக்கடைக்கு இதில் ஒரு பைசா போகாது. பாதையைச் செப்பனிடுவது, தீயணைப்பு, மேய்ப்பனின் கேட் எல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியவை.

பாதையைக் கோணலாக வரையுங்கள் என்கிறேன். பத்து கிலோமீட்டர் கூடினாலும் ஊர்ச் சதுக்கம் வழியாகப் போகட்டும். குறிப்பில் ரொட்டிக்கடை எந்தக் கிழமை மூடும் என்று இருக்கட்டும். எந்தக் கேட்டைச் சாத்த வேண்டும், எந்த மாதம் கிடை மேலே ஏறும் என்று அங்கே இருப்பவரைக் கேட்டு எழுதட்டும். இடிந்த மாஸ் வந்தால் அதன் பெயரைப் போடட்டும், பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வரைபடத்திலேயே இருக்கிறது. சுரங்கப்பாதை வந்தால் நீளத்துக்குப் பக்கத்தில் கைதிகளைப் பற்றி ஒரு வரி. இதனால் யாருடைய சராசரி வேகமும் பெரிதாகக் குறைந்துவிடாது. குறைந்தாலும் என்ன?

எனக்கு அடிக்கடி இந்த மலைகளின் பாதைக்கோப்புகள் வருகின்றன. ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூடவே ஒரு வரி இருக்கும். இனிமேல் ஏற்றம் எத்தனை மீட்டர் என்று கேட்பதாக இல்லை. எத்தனை ஊர் வழியாகப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை வெளியே எடுப்பேன்.