ஆறாவது கேள்வி

போன மார்கழியில் ஜி.பி.யிடம் போனேன். நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பமில்லை, சனிக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவே அலுப்பு. வைட்டமின் டி குறைவாக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு தாளை நீட்டினார். பி.எச்.கியூ-9. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி.

ஐந்தைக் கடகடவென்று நிரப்பினேன். ஆறாவதில் பேனா நின்றுவிட்டது. தோற்றுப்போனவன் என்றோ, குடும்பத்தின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்றோ தோன்றுகிறதா என்று கேட்கிறது.

இரண்டு வாரமா? எனக்குப் பத்து வயதிலிருந்தே அப்படித்தானே! "எல்லாத்தையும் விட்டிட்டு வந்தது உனக்காகத்தான்" என்று கேட்டு வளர்ந்தவன் நான். அம்மா அப்பாவில் குறை சொல்லவில்லை, அவர்கள் விட்டிட்டு வந்தது உண்மை. ஆனால் அந்தக் கடனை எத்தனை மார்க் எடுத்து அடைக்கிறது? இப்பவும் என் புரோகிராமில் பிழை என்று யாராவது எழுதினால், இரவு இரண்டு மணிக்கும் அதையே திரும்பத் திரும்ப வாசிப்பேன். பிழை புரோகிராமில் இல்லை, என்னில்தான் என்பதுபோல.

மனச்சோர்வால் தன்மதிப்பு குறைகிறதா, தன்மதிப்பு குறைந்து மனச்சோர்வு வருகிறதா? சோவிஸ்லோ, ஓர்த் என்ற இரு ஆய்வாளர்கள் 77 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள்: இரண்டுமே நடக்கிறது, ஆனால் இரண்டாவதுதான் கூடப் பலம். அதற்காகத் தன்மதிப்பு குறைந்த எல்லோருக்கும் மனச்சோர்வு வரும் என்றில்லை.

போன கிழமை மகள் ஸ்பெல்லிங் டெஸ்ட் தாளோடு வந்தாள். பத்துக்கு ஏழு. நான் பார்க்க முதலே, "சொறி அப்பா."

"ஏன் சொறி?"

"நீங்கள் கவலைப்படுவீங்கள்."

நான் அவளை மார்க்குக்காக ஒருநாளும் ஏசினதில்லை. என் முகத்தைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"நீ கெட்டிக்காரிதானே" என்று வாய்வரை வந்தது. புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு கூடுதலாகத் துவண்டுபோவதை 1998இலேயே முல்லரும் ட்வெக்கும் காட்டியிருக்கிறார்கள். விழுங்கிக்கொண்டு, "எந்தச் சொல் கஷ்டம்?" என்றேன். 'நெஸஸரி'. ஒரு சீயா, இரண்டு சீயா? எனக்கும் சந்தேகம். இரண்டு பேரும் அகராதியைத் திறந்தோம். (ஒரு சீ, இரண்டு எஸ்.)

எனக்குக் கவுன்சலிங் எட்டு வாரமாக நடக்கிறது. ஆறாவது கேள்விக்கு 3 போட்டவன் இப்போது 1 போடுகிறேன், சில வாரம் 2. செவ்வாய் பின்னேரம் எங்கே போறாய் என்று அம்மா கேட்கிறா. நீச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். துவாய் நனையாமலே வருவதைக் கவனித்துவிட்டா போலிருக்கிறது. இந்த ஞாயிறு சொல்லவேணும்.