வந்தவர்கள் மேல் பழி

2018-ல் வெளிவந்த ‘எலீட்’ என்னும் ஸ்பானியத் தொடரைப் பார்த்தோர் பலர் சொல்லும் வாதம் இது: உபகாரச் சம்பளம் பெற்ற மூன்று எளிய மாணவர்கள் லாஸ் என்சீனாஸ் என்ற செல்வர் பள்ளியில் பிரவேசித்த பின்னரே பகையும் கொலையும் நேர்ந்தன, ஆகவே வந்தவர்களே காரணம்.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த நியாயம் இது.

முதலாவது, அவர்கள் ஏன் வந்தார்கள்? அவர்கள் படித்த பள்ளியின் கூரை இடிந்து விழுந்ததால். அதைக் கட்டிய நிறுவனம், லாஸ் என்சீனாஸில் பயிலும் குஸ்மான், மரீனா ஆகியோருடைய தந்தையுடையது. தன் பெயரில் படிந்த களங்கத்தைத் துடைக்க அவர் அளித்த உதவியை ஏற்று வந்த பிள்ளைகளையே அனர்த்தத்தின் மூலம் என்பது எந்தத் தர்க்கம்?

இரண்டாவது, மரீனாவைக் கொன்றவன் யார்? அங்கேயே பயின்றுவந்த செல்வர் வீட்டுப் பிள்ளையான போலோ. அவன் மீட்க முனைந்த கைக்கடிகாரத்துள் இருந்தது, மரீனாவின் தந்தையும் அவனுடைய காதலி கார்லாவின் தந்தையும் கூடிச் செய்த ஊழலின் அத்தாட்சி. அந்த ஊழல் எந்த ஏழை மாணவன் கொண்டுவந்தது? சிறை சென்றதோ, புதிதாய் வந்த சாமுவேலின் தமையன் நானோ! அந்தக் கடிகாரத்தை அவன் திருடியது உண்மை. திருட்டுக்குக் கொலைப்பழியா தண்டனை?

மூன்றாவது, வந்தவர்களில் ஒருத்தியான நாதியா செய்த கலகம் என்ன? நன்றாகப் படித்தாள்; அவளது முக்காட்டைக் களையச் சொன்னதோ பள்ளி நிர்வாகம்.

வந்தவர்களில் மூன்றாமவனான கிறிஸ்தியான் கொலையை மறைக்கத் துணைபோனான், மறுக்கவில்லை. அவனை அதில் இழுத்துவிட்டவர்கள் யார்?